ஏழு பேருக்கும் போட்ட சரி

நீந்தத் தெரியுமா என்ற கேள்விக்கு நேரே இருந்த பெட்டியில் சரி போட்டது நான்தான். மாமாவிடம் கேட்கவே இல்லை.

படகு வேலைக்கான விண்ணப்பம் சிங்களத்தில் இருந்தது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், ஆற்றில் எத்தனை வருட அனுபவம் என்று ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டு எழுதினேன். அந்தக் கேள்வி வந்தபோது மட்டும் வாசிக்காமலே சரி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் மகாவலியில் மணல் அள்ளியவரிடம் போய் நீந்தத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்? எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் மற்ற ஆறு மணல்காரர்களின் விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்பினேன். அந்த வீடுகளில் சிங்களம் எழுதத் தெரிந்தது எனக்கு மட்டும். ஏழு பேருக்கும் சரி.

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பேனாவைத் தொடவே பயமாக இருக்கிறது.

எனக்குப் பதினாறு வயது. அம்மா குவைத்துக்குப் போனபோது ஒன்பது. அன்றிலிருந்து இராமநாதன் மாமா வீட்டில்தான் இருக்கிறேன். அவர் அம்மாவின் அண்ணன். அவருடைய மகள் கல்யாணம் கட்டி அட்டனில் இருக்கிறாள். வீட்டில் மாமா, கமலம் அத்தை, நான். கெலிஓயாவில் கம்பளை ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் ஆற்றோரமாக எங்கள் வீடுகள். மழைக்காலத்தில் படுக்கையிலிருந்தே தண்ணீர் போகும் சத்தம் கேட்கும்.

மணல் வேலை எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். தோணியை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் இரண்டு நீட்டு மூங்கில்களை அடியில் குத்தி, அதில் கட்டி நிறுத்துவார்கள். ஒருவர் தோணியில் நிற்பார். மற்றவர் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். மறு கையில், கயிறு கட்டி ஓட்டை போட்ட இரும்பு வாளி. அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலாலேயே வாளிக்குள் மணலைத் தள்ளுவார். கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் மேலே நிற்பவர் வாளியைத் தூக்குவார். இறங்கியவர் மூங்கிலிலேயே ஏறி வருவார். ஒரு நாளைக்கு நூறு தரம், சில நாள் அதற்கு மேலும். மாமாவின் வலது காது அப்படித்தான் அடைத்துப் போனது. சாப்பிட உட்காரும்போது பார்த்தால் விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். சோற்றின் சூடு தெரியாமல் பிசைவார்.

போன வருடம் அந்தப் பகுதியில் மணல் அள்ளுவதை நிறுத்தினார்கள். ஆற்றை உல்லாசப் பயணிகளுக்குத் திருத்தப் போகிறார்களாம். கெலிஓயாவிலிருந்து பேராதனைப் பக்கம் வரை படகுச் சவாரி, கரையோரம் நடைபாதை, விளக்குகள். மணல் குவித்த இடத்தில் பலகைத் துறை கட்டினார்கள். படகோட்ட முதலில் மணல்காரர்களைத்தான் எடுப்போம் என்றார்கள். அது நியாயமாகத்தான் பட்டது.

நேர்முகத்துக்கு மொழிபெயர்க்க நானும் கந்தோருக்குப் போனேன். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு நீச்சல் தடாகத்தில் பரீட்சை இருந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களைப் புரட்டிய அதிகாரி மாத்தயா, இவ்வளவு காலம் ஆற்றில் இறங்கியும் உயிரோடு இருக்கிறார்களே, அதுவே சான்றிதழ்தானே என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். நான் மொழிபெயர்க்கும் முன்பே மாமாவும் சிரித்தார். ஏழு பேரும் சிரித்தார்கள்.

படகுகளை நடத்தும் பொறுப்பு அலவத்துகொட சாஹுல் ஹமீது நானாவுடையது. அவர் கெட்ட மனிதர் இல்லை. அத்தை துறையில் வடை சுட்டு விற்கக் கேட்டபோது, "படகுக்காரர்ட பொஞ்சாதிக்கு இல்லாம வேற ஆருக்குக் குடுக்கப் போறன்? போட்டுக்கோங்க," என்று உடனே சொல்லிவிட்டார். அத்தை ஒரு மேசையும் காஸ் அடுப்பும் வைத்துக் கடலை வடை, மாசிச் சம்பல், பிளேன்ரீ என்று தொடங்கினாள். மாமாவின் படகில் ஏறி இறங்குகிறவர்கள் அத்தையின் வடையைத் தின்றுகொண்டே வேனுக்குப் போவார்கள். வடையின் எண்ணெய் விரலில் படாமல் வெள்ளைக்காரர்கள் கடதாசி சுற்றிப் பிடிப்பதை அத்தை வீட்டில் நடித்துக் காட்டுவாள். மாமாவும் சிரிப்பார். இரண்டு மாதம் அப்படிப் போனது.

மாமாவின் படகில் எட்டுப் பேர் போகலாம். எட்டு லைஃப் ஜாக்கெட், அதோடு ஓட்டுகிறவருக்கு ஒன்று. ஒரு நாள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அத்தைக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"ராமநாதன், ஒங்கட ஜாக்கெட்ட அந்த மிஸ்ஸுக்குக் குடுங்க. ஒராள் கூட ஈக்கி," என்றார் சாஹுல் நானா.

"அப்ப எனக்கு?"

"ஒங்களுக்கு என்னத்துக்கு? ஆத்துக்குள்ளயே கெடந்த ஆள் நீங்க."

மாமா ஜாக்கெட்டைக் கழற்றினார். கழற்றிவிட்டு வலது காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். காது குத்துகிறதாம். இன்னொரு மணல்காரரான, பக்கத்துப் படகின் சுதேஷ் அண்ணன் வந்து அந்தச் சவாரியை எடுத்துப் போனார். மறுநாளும் ஆள் கூடிப்போனது. அன்றைக்கும் காது. மூன்றாம் நாள் மாமா வேலைக்கே போகவில்லை.

"காது வலியா, வேல வலியா?" என்று கேட்டாள் அத்தை.

"காதுதான்."

"இருவது வருசமா செத்துப்போன காது. இப்பதான் உயிர் வந்து வலிக்குதாக்கும்."

"தொணதொணங்காத கமலம்."

"சாஹுல் நானா என் மொகத்தப் பாத்துக் கேக்கிறாரு. நான் என்னாத்த சொல்றது?"

"காய்ச்சல்னு சொல்லு."

"நேத்து காது, இன்னிக்குக் காய்ச்சல். நாளைக்கு என்னா, புள்ளப்பேறா?"

மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "சஞ்சி, எங்க போறாருன்னு பாரு. தவறணப் பக்கம் போனா வந்து சொல்லு," என்றாள்.

மாமா கள்ளுத் தவறணைக்குப் போகவில்லை. கீழே பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். மலைப்பக்கம் மழை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  பிறகு, "சஞ்சி, அந்த ஜாக்கெட்டு கண்டியில கடையில விப்பாங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு மாமா?"

"சொந்தமா ஒன்னு இருந்தா சட்டைக்குள்ள போட்டுக்கலாம்ல. யாரும் கழட்டச் சொல்லமாட்டாங்க."

அப்போதுதான் விண்ணப்பத்தில் நான் சரி போட்ட அந்தச் சின்னப் பெட்டி கண்ணுக்குள் வந்தது.

"மாமா, ஒங்களுக்கு நீந்தத் தெரியாதா?"

அவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "நீந்துற வேலயே இருந்ததில்ல புள்ள. கீழ போகணும், மேல வரணும். அங்கிட்டு இங்கிட்டுப் போக என்னா இருக்கு? கம்பு இருந்திச்சி. கையக் கம்புல இருந்து எடுத்ததே இல்ல. எடுத்தவன் ஒருத்தன் இருந்தான், அவன் போல்கொல்லை அணைக் கதவுலதான் பொணமாக் கெடச்சான்."

"சின்ன வயசுலகூடப் பழகலயா?"

"தேயிலத் தோட்டத்துல எங்க ஆறு? பீலியில வடியிற ஊத்துத் தண்ணிதான். பத்தொம்பது வயசுல இங்க வந்தேன். மொத நாளே கம்பக் காட்டி எறங்குன்னாங்க. எறங்குனேன்."

"நான் கந்தோர்ல போய்ச் சொல்றேன் மாமா. தப்பாப் போட்டுட்டேன்னு."

"சொன்னா?" என்று திரும்பினார். "எனக்கு வேல போகும். சரி, போகட்டும். அத்தையோட மேசையும் போகும். இப்பதான் அவ மொகத்துல கொஞ்சம் சிரிப்பு இருக்கு. யாருக்கிட்டயும் சொல்லாத. அத்தைக்குந் தெரியாது."

"படகுல யாராவது விழுந்தா?"

"விழாம ஓட்டுவேன்."

"விழுந்தா மாமா?"

அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாறைமேல் வைத்துக்கொண்டார்.  சொல்லமாட்டேன் என்று நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். எதற்காகப் பண்ணினேன் என்று தெரியவில்லை. அவர் கேட்கக்கூட இல்லை.

மறுநாள் மாமா வேலைக்குப் போனார். எட்டுப் பேர் வரைக்கும் பயமில்லை, அவருக்கு ஜாக்கெட் இருக்கும். அதனால் நான் எண்ணத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து துறையில் நிற்பேன். வேன் வந்து நின்றால் இறங்குகிறவர்களை எண்ணுவேன். ஏழு, எட்டு. கதவு மூடினால்தான் எனக்கு மூச்சு வரும். சனி ஞாயிறு முழுக்க இதே வேலை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தால் தலைகளாகத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. "பரீட்சை வருது, அதான் இளைச்சிட்டா," என்றாள் அத்தை பக்கத்து வீட்டில்.

ஆனால் ஜாக்கெட் போட்டால் மாமா மிதப்பார், அவ்வளவுதான். படகிலிருந்து ஒரு குழந்தை விழுந்து வார் அவிழ்ந்தால் யார் குதிப்பது? எண்ணத் தொடங்கிய இரண்டாவது வாரம்தான் அது எனக்கு உறைத்தது. அதன்பிறகு எண்ணுவதும் உதவவில்லை.

மூன்றாம் கிழமை எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேர். கூட்டி வந்தவர் றீற்றா ரீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஆற்றங்கரைத் தாவரங்களைக் காட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காசு வேண்டாம் என்று சாஹுல் நானா சொல்லியிருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாணவத் தலைவி என்று என்னையும் கூட்டிவந்தார்கள்.

முதல் நாள் பின்னேரம் முழுக்க மேலே மலைப்பக்கம் மழை பெய்திருந்தது. துறையின் முதல் படி தண்ணீருக்குள் போயிருந்தது. நுரையும் குப்பையும் சுழன்று போயின. மாமா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற மணல்காரர்களும் ஆற்றைத்தான் பார்த்தார்கள். 

"நானா, இன்னிக்கு இழுவ கூட இருக்குது. நாளைக்கு வெச்சுக்குவமா?" என்றார் மாமா.

"புள்ளைகள் வந்தீக்கிறாங்க ராமநாதன். வளைவு மட்டும் போயிட்டுத் திரும்புங்க, தூரம் தேவல்ல."

முதலில் எட்டுப் பிள்ளைகள் மாமாவின் படகில் ஏறினார்கள். மற்ற எட்டுப் பேர் அடுத்த சவாரிக்குத் துறையில் நின்றார்கள். எட்டுப் பேருக்கும் ஜாக்கெட் மாட்டி வார் இறுக்கினேன். ஒருத்திக்குப் பெரிதாக இருந்தது, தோளிலிருந்து வழுவிக்கொண்டே இருந்தது. "சஞ்சி அக்கா, வெளவால் தொங்குற மரம் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"நானும் ஏறுறன். பிள்ளையளைத் தனிய விடேலாது," என்றார் றீற்றா ரீச்சர்.

ஒன்பது.

"அப்ப ரீச்சருக்கு ஒங்கடயக் குடுங்க," என்றார் சாஹுல் நானா. மாமாவின் விரல் ஜாக்கெட்டின் கொளுக்கியில் இருந்தது. கழற்றவில்லை. "என்ன மனிசன், ஒவ்வொரு நாளும் ஒங்களோட இதே கதயா ஈக்கி."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அத்தை வடை போட்டுக்கொண்டே அங்கிருந்து, "குடுங்களேன், கல்லாட்டம் நிக்காம," என்றாள். மாமா ஜாக்கெட்டைக் கழற்றி ரீச்சரிடம் நீட்டினார். வெறும் பனியனோடு படகில் இறங்கினார். படகைக் கட்டிய கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"ரீச்சர், பிள்ளைகள இறக்குங்க," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை? என்ன செய்யுது?"

"மாமாவுக்கு நீந்தத் தெரியாது."

சாஹுல் நானா சிரித்தார். "என்ன மகள் செல்றீங்க? மண் அள்ளின ஆளுக்கு நீந்தத் தெரியாதா?"

"தெரியாது நானா. போர்ம்ல நான்தான் சரி போட்டேன். கேக்காமப் போட்டேன். ஏழு பேருக்கும் அப்பிடித்தான் போட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. மாமாவைப் பார்த்தார். மாமா கயிற்றைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். பிறகு நானா மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"சுதேஷ், ஒனக்கு?"

"எனக்குத் தெரியும் நானா. குண்டசாலையில பழகுனேன்."

"மருதமுத்து அண்ணன், ஒங்களுக்கு?"

மருதமுத்து தாத்தாதான் அவர்களில் மூத்தவர். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கம்பு ஒன்னு இருந்தா சமாளிப்பேன்," என்றார்.

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திவிட்டார்கள். நானா ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்கக் கேட்க ஒவ்வொருவரும் தங்கள் படகிலிருந்து பலகைக்கு ஏறி நின்றார்கள். சுதேஷ் அண்ணனோடு இன்னும் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. நாலு பேருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக ஒரே தோணியில் இறங்கி ஏறியவர்கள் ஒருவரையொருவர் அப்போதுதான் பார்த்தார்கள்.

"யா அல்லா," என்று நானா படியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மூனு மாசம். எத்தின புள்ளைகள் போயிட்டு வந்தீக்கும்."

றீற்றா ரீச்சர் படகிலிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கை கொடுத்துப் பலகைக்கு ஏற்றினார். எண்ணினார். பதினாறும் வந்தபிறகு இன்னொரு தரம் எண்ணினார்.  "நீர் முதலே சொல்லியிருக்கலாம்," என்றார் என்னிடம். பிறகு என் தோளில் கையை வைத்து, "ஓம், சொன்னீர்தானே," என்றார். ஜாக்கெட் வழுவிய பிள்ளை அழத் தொடங்கினாள், வெளவால் பார்க்கவில்லை என்று.

அத்தை அடுப்பை அணைத்திருந்தாள். தாச்சியில் பாதி வெந்த வடைகள் எண்ணெயில் கிடந்தன. அவள் மாமாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

நீந்தத் தெரிந்த மூன்று பேர் மட்டும் ஓட்டட்டும், மற்றவர்கள் விஷயம் பிறகு பார்ப்போம் என்று நானா சொல்லிவிட்டார். மேசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது மருதமுத்து தாத்தாவின் மகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "படிச்ச புள்ள எழுதுன எழுத்து. இனிமே எங்க அப்பா பேர எழுதாத, சொல்லிப்புட்டேன்," என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

மாமா இரண்டு வாய் சோறு தின்றிருந்தார். மீதி சோற்றுக் கோப்பையில் இருந்தது. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மத்தியான நேரத்தில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

நான் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். எங்கே போவது என்று யோசித்தேன். அட்டனில் அக்கா வீட்டில் இடமில்லை. குவைத்தில் அம்மா வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் போனைக் கொடுப்பார்கள். அன்று செவ்வாய்.

அத்தை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள்மேல் எண்ணெய் வாடை அடித்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மூனு கெழமயா அத்த."

"மூனு கெழம," என்றாள். "அதான் சோறு எறங்கலயா?"

நான் பையின் வாரை விரலில் சுற்றினேன்.

"எனக்கு இருவத்திரெண்டு வருசம் சோறு எறங்கியிருக்கு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், வேர்வையைத் துடைப்பதுபோல. "வெள்ளம் வந்த வருசம் இவரு போகமாட்டேன்னு குந்திட்டாரு. மத்தவங்க போறாங்க, ஒங்களுக்கு என்னா கேடுன்னு நான்தான் வெரட்டுனேன். தீபாவளிக்கு மொத நாளு வெரட்டுனேன். மக கல்யாணத்துக்கு மறுநாளு வெரட்டுனேன். காய்ச்சலோடகூட. சோத்தக் கட்டிக் கையில குடுத்து, போங்க போங்கன்னு."

"ஒங்களுக்குத் தெரியாதுதானே அத்த."

"நான் கேக்கல. நீயுந்தான் கேக்கல."

 வெளியே ஒரு படகின் இயந்திரம் கொஞ்சம் ஓடி நின்றது. அத்தை பாயின் பக்கம் திரும்பி, "ஏங்க," என்றாள். மாமா அசையவில்லை. வலது காது மேலே இருந்தது, அதில் கேட்காது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு எழுந்துபோய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

"மூச்சு வருது, தூங்குறாரு," என்றாள். "பைய வெச்சிட்டுச் சோத்தப் போட்டுச் சாப்புடு. ரெண்டு மணியாச்சி."

நான் சோறு போட்டு, பருப்பை ஊற்றிச் சாப்பிட்டேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமாவின் மூக்குக்குக் கீழே வைத்த அந்த விரலை அத்தை இன்னும் எடுக்கவில்லை.